காப்புரிமைத் தேடலில் போக்குக் கோடு தப்பாக வருகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எந்தத் தொழில்நுட்பம் வளர்கிறது, எது தேய்கிறது என்று பேட்டன்ட் தேடிப் பார்த்து எழுதும் அறிக்கைகளைப் பல வருடங்களாகச் சரிபார்த்துத் தருகிறேன். கொண்டு வருபவர்களில் பெரும்பாலோர் பொறியியல் மாணவர்கள். நடுநடுவே சிறு பட்டறை வைத்திருப்பவர்களும், புதிதாக ஒரு பொருளில் பணம் போடலாமா என்று யோசிப்பவர்களும் வருவார்கள். அறிக்கையில், வருடத்துக்கு எத்தனை காப்புரிமை என்று காட்டும் ஒரு கோடு ஏறும், இறங்கும். அதை நம்பி முடிவும் எடுத்திருப்பார்கள். தோண்டிப் பார்த்தால் அந்த ஏற்ற இறக்கம் தேடிய விதத்திலோ ஆவணங்கள் வெளியாகும் முறையிலோ வந்ததாக இருக்கும். தொழில்நுட்பம் பாட்டுக்குத் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும்.

இதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் இருக்கிறது. உதாரணத்துக்கு எல்லா இடத்திலும் சோடியம்-அயனி பேட்டரியையே எடுத்திருக்கிறேன். லித்தியத்துக்கு மாற்று என்று அதிகம் பேசப்படுகிறது. எல்லாக் கோளாறும் ஒருசேர வருவதும் அதில்தான்.

## அறிகுறி 1: கடைசி இரண்டு வருடத்தில் கோடு சரிகிறது

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 2023 தொடக்கத்தில் ஒரு மாணவர் நல்ல உழைப்போடு அறிக்கை தயாரித்து வந்தார். 2020 வரை ஏறிய கோடு 2021இல் வளைந்து 2022இல் தரையைத் தொட்டது. "சோடியம் முடிஞ்சுபோச்சு சார், தலைப்பை மாத்திக்கலாம்னு இருக்கேன்" என்றார். அந்த 2021 ஜூலையில்தான் உலகின் மிகப் பெரிய பேட்டரி நிறுவனமான சி.ஏ.டி.எல். தன் முதல் சோடியம்-அயனி செல்லை அறிவித்தது. ரிலையன்ஸ் 2021 டிசம்பர் இறுதியில் பிரிட்டனின் சோடியம் பேட்டரி நிறுவனமான ஃபாரடியானை வாங்குவதாகச் சொன்னதும் அவருடைய கோட்டில் "சரிந்த" காலத்தில்தான். வெளியே இப்படி நடந்துகொண்டிருக்க, கோடு வேறு கதை சொன்னது.

### முதல் காரணம்: 18 மாதத் தாமதம்

காப்புரிமை விண்ணப்பம் போட்ட அன்றே வெளியில் தெரியாது. முதல் விண்ணப்பத் தேதியிலிருந்து, அதாவது முன்னுரிமைத் தேதியிலிருந்து, 18 மாதம் கழித்துத்தான் வெளியாகும். பெரும்பாலான நாடுகளில் இதுதான் முறை. 2023 ஜனவரியில் தேடுபவருக்கு 2021 ஜூலைக்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது.

சரிபார்ப்பது எளிது. இதே தேடலை லித்தியம்-அயனிக்கும் செய்யுங்கள். அந்தக் கோடும் அதே வருடத்தில் விழுந்தால் தாமதம்தான் காரணம். லித்தியம் விழாமல் சோடியம் மட்டும் விழுந்தால் அடுத்த காரணத்துக்குப் போங்கள். அந்த மாணவருக்கு இதற்குப் பத்து நிமிடம் ஆனது. இரண்டு கோடும் ஒரே இடத்தில் கவிழ்ந்தன.

தீர்வு: முன்னுரிமை வருடத்தை வைத்துக் கோடு வரையுங்கள். கடைசி இரண்டு வருடத்தை வெட்டிவிடுங்கள், அல்லது புள்ளிக் கோடாகப் போட்டு "முழுமையற்றது" என்று எழுதுங்கள். வெளியீட்டு வருடத்தை வைத்து வரைந்தால் சரிவு மறையும். ஆனால் கோடு முழுவதும் ஒன்றரை வருடம் தள்ளிப்போயிருக்கும். 2021இன் பரபரப்பு 2023இல் நடந்தது போலத் தெரியும்.

### இரண்டாவது காரணம்: எக்ஸெல் கோப்பில் தவறான நெடுவரிசை

கூகுள் பேட்டன்ட்ஸிலிருந்து இறக்கும் கோப்பில் முன்னுரிமைத் தேதி, விண்ணப்பத் தேதி, வெளியீட்டுத் தேதி, வழங்கிய தேதி என நான்கும் தனித்தனியாக இருக்கும். வழங்கிய தேதியை வைத்து வரைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பரிசீலனையில் இருப்பவை எல்லாம் அதில் விடுபட்டுப்போகும்.

### மூன்றாவது காரணம்: நாடுகள் ஒரே வேகத்தில் வெளியிடுவதில்லை

சீனாவில் விண்ணப்பதாரர் கேட்டால் 18 மாதம் காத்திருக்காமலே வெளியிடுவார்கள், பலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில், வெளிநாட்டில் விண்ணப்பம் போடப்போவதில்லை என்று உறுதி சொன்னால், வழங்கப்படும் வரை வெளியிடாமலே வைத்திருக்கலாம். உலக விண்ணப்பமாகப் போட்டவர்கள் ஒவ்வொரு நாட்டிலும் நுழைய 30 அல்லது 31 மாதம் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே கடைசி இரண்டு வருடத்தில் சீனாவின் பங்கு இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். "சீனா திடீரென்று முந்திவிட்டது" என்று எழுதும் முன் அந்த இரண்டு வருடத்தை நீக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

### கடைசிக் காரணம்: நிஜமாகவே சரிகிறது

இதுவும் நடக்கும். ஆனால் முந்தைய மூன்றையும் கழித்த பிறகே இதைச் சொல்லலாம். சொல்வதற்கு வெளியிலிருந்து ஒரு காரணமும் வேண்டும். சோடியத்தைப் பொறுத்தவரை அது லித்தியம் விலை. 2022 இறுதியில் சீனாவில் லித்தியம் கார்பனேட் டன்னுக்குச் சுமார் 6 லட்சம் யுவான் வரை போனது. அடுத்த ஒரு வருடத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காக இறங்கியது. லித்தியம் மலிந்தால் சோடியத்தின் தேவை குறையும். அந்தச் சரிவு காப்புரிமைக் கோட்டில் தெரிய, விலை விழுந்த நாளிலிருந்து குறைந்தது ஒன்றரை வருடமாவது ஆகும்.

இந்த அறிகுறிக்கு நிபுணர் தேவையே இல்லை. காசு கொடுத்தாலும் வெளியாகாத ஆவணத்தை யாராலும் காட்ட முடியாது. அவசரமாகத் தெரிய வேண்டுமென்றால் மாநாட்டுச் சுருக்கங்களையும் ஆர்க்சிவ், கெம்ஆர்க்சிவ் தளங்களில் இதழில் வரும் முன்பே போடப்படும் கட்டுரைகளையும் (முன்பதிப்புகள்) பாருங்கள். அவை சில வாரங்களிலேயே வெளியாகிவிடும்.

## அறிகுறி 2: ஆயிரக்கணக்கில் கொட்டுகிறது, பாதி சம்பந்தமில்லாதவை

"சோடியம்", "பேட்டரி" என்ற இரண்டு ஆங்கிலச் சொல்லைப் போட்டுத் தேடியிருப்பீர்கள். லித்தியம் பேட்டரிகள்தான் வந்து குவியும். லித்தியம் பேட்டரியின் எதிர்முனைப் பூச்சில் பசையாகப் பயன்படுவது சோடியம் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ். உலகத்தில் கிராஃபைட் பூசும் எல்லோருடைய ஆவணத்திலும் "சோடியம்" இருக்கும். இது தெரியாமல் மூன்று வாரம் வீணாக்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

முழு உரையில் தேடினீர்களா? தலைப்பு, சுருக்கம், உரிமைக்கோரல் (எதற்கெல்லாம் உரிமை கேட்கிறார்கள் என்று எண் போட்டு எழுதும் பகுதி) ஆகியவற்றில் மட்டும் தேடுங்கள். குப்பையில் பெரும்பகுதி அப்போதே போய்விடும்.

உரிமைக்கோரலிலும் வருகிறதா? "லித்தியம், சோடியம், மெக்னீசியம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று" என்று வலையை அகலமாக வீசி எழுதுவது வழக்கறிஞர்களின் பழக்கம். முதல் உரிமைக்கோரலில் சோடியம் இருக்கிறதா, பதினான்காவதில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பதினான்காவதில் மட்டும் இருந்தால் அது சோடியம் ஆய்வு கிடையாது.

அண்டை வீட்டுக்காரர்கள் கலந்திருக்கிறார்களா? சோடியம்-கந்தக பேட்டரி வேறு சாதி. உருகிய சோடியத்தோடு 300 டிகிரிக்கு மேல் ஓடுவது. 1960களிலேயே ஃபோர்டு ஆய்வகத்தில் வந்தது. உங்கள் கோடு 1970களில் ஒரு சிறு மேடு காட்டினால் பெரும்பாலும் இதுதான்.

வகைப்பாட்டுக் குறியீடு. இவ்வளவுக்குப் பிறகும் அடங்கவில்லை என்றால் சொல்லை மட்டும் நம்பாதீர்கள். காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரித்துக் குறியீடு கொடுக்கும் சி.பி.சி. வகைப்பாட்டை ஐரோப்பிய, அமெரிக்கக் காப்புரிமை அலுவலகங்கள் 2013 முதல் சேர்ந்து நடத்துகின்றன. லித்தியம் அல்லாத உலோகம் உள்ளே போய் வெளியே வரும் பேட்டரிகளுக்கு அதில் எச்01எம் 10/054 என்று தனி இடம் உண்டு. அதோடு "சோடியம்" என்ற சொல்லைச் சேர்த்துத் தேடுங்கள். எச்01எம் 10/39ஐ விலக்கினால் அதிக வெப்பத்தில் ஓடுபவை கழியும். உங்கள் துறைக்கு எந்தக் குறியீடு என்று தெரியாவிட்டால், சந்தேகமே இல்லாமல் சரியான ஐந்து ஆவணங்களை ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாசநெட் தளத்தில் திறந்து, ஐந்திலும் பொதுவாக இருக்கும் குறியீட்டை எடுங்கள். அட்டவணையைப் படித்துத் தேடுவதைவிட இது வேகம்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க, முடிவுகளிலிருந்து குருட்டாம்போக்கில் 50 எடுத்து, தலைப்பையும் முதல் உரிமைக்கோரலையும் படியுங்கள். 40க்கு மேல் பொருந்தினால் போக்குப் பார்க்கப் போதும் என்பது என் அளவுகோல். 25தான் பொருந்துகிறது என்றால் அந்த எண்ணிக்கையை வைத்து எதுவும் பேசாதீர்கள்.

## அறிகுறி 3: மிகக் குறைவாக வருகிறது, தெரிந்த காப்புரிமைகூட வரவில்லை

தேடும் முன்பே கட்டாயம் இருக்க வேண்டிய பத்து காப்புரிமைகளைப் பட்டியலிட்டு வையுங்கள். தேடலில் அந்தப் பத்தில் எத்தனை வருகிறது என்பதுதான் சோதனை. ஆறு மட்டும் வந்தால், வராத நாலையும் திறந்து அவர்கள் என்ன சொல் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சொல்தான் முதல் சந்தேகம். ஜப்பானிய விண்ணப்பங்களில் தலைப்பு வெறும் "நான்-அக்வஸ் எலக்ட்ரோலைட் செகண்டரி பேட்டரி" என்றிருக்கும், சோடியம் உள்ளேதான் வரும். சோடியம் பேட்டரியின் எதிர்முனைப் பொருளை ஆய்வுக் கட்டுரையில் "ஹார்டு கார்பன்" என்பார்கள், காப்புரிமையில் "நான்-கிராஃபிடைசபிள் கார்பன்" என்று எழுதுவார்கள். "பிரஷ்யன் புளூ" என்பது "ஹெக்ஸாசயனோஃபெரேட்" ஆகியிருக்கும். காலத்தோடும் சொல் மாறுகிறது. இன்று முப்பரிமாண அச்சு என்று நாம் சொல்வதை சார்லஸ் ஹல் 1986இல் பெற்ற காப்புரிமையின் தலைப்பு "ஸ்டீரியோலித்தோகிராஃபி" என்கிறது; பிறகு பல வருடம் "ரேபிட் புரோட்டோடைப்பிங்" என்று ஓடியது. புதுச் சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் துறை நேற்றுதான் பிறந்தது போலத் தெரியும்.

இங்கேதான் ஆய்வுக் கட்டுரைகள் கைகொடுக்கும். நல்ல மதிப்பாய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்தால் மாற்றுச் சொற்கள் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. சோடியம் ஹார்டு கார்பனுக்குள் போய் வரும் என்று ஸ்டீவன்ஸும் டாணும் 2000இல் காட்டிய கட்டுரை இத்துறையின் திருப்புமுனை. தி லென்ஸ் தளத்தில் அந்தக் கட்டுரையைத் திறந்தால், எந்தெந்தக் காப்புரிமைகள் அதைச் சுட்டுகின்றன என்று காட்டும். எந்தச் சொல்லில் எழுதியிருந்தாலும் அவை சிக்கிவிடும். ஆங்கிலச் சொல்லோடு மல்லுக்கட்டி ஓய்ந்தவர்களுக்கு இதைக் காட்டும்போது அவர்கள் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கிறதா? உங்கள் கல்லூரி அரசு நிறுவனமாக இருந்தால் நூலகரைக் கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. இந்திய முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா இருக்கிறது. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, பாருங்கள்.

இவ்வளவும் செய்து, விடுபடுபவை எல்லாம் சீன, ஜப்பானிய மூலங்களே என்றால் இயந்திர மொழிபெயர்ப்பின் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். இங்கே காசு செலவாகும். டெர்வென்ட் போன்ற கட்டணத் தளங்களில் மனிதர்கள் திருத்தி எழுதிய ஆங்கிலச் சுருக்கம் இருக்கும். அதற்கு முன் ஒன்று: உலக அறிவுசார் சொத்து அமைப்பு இத்துறைக்கு ஏற்கெனவே அறிக்கை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2024இல் ஆக்கச் செயற்கை நுண்ணறிவு பற்றி அவர்கள் வெளியிட்ட அறிக்கை 2014 முதல் 2023 வரை சுமார் 54,000 காப்புரிமைக் குடும்பங்களை (ஒரே கண்டுபிடிப்புக்குப் பல நாடுகளில் போட்ட விண்ணப்பங்கள் சேர்ந்து ஒரு குடும்பம்) ஆராய்ந்தது. இத்தகைய அறிக்கைகளில் எப்படித் தேடினார்கள் என்பதையும் எழுதியிருப்பார்கள். அதை எடுத்து உங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

## அறிகுறி 4: பெரிய நிறுவனம் பட்டியலில் இல்லை, அல்லது எண் மிகச் சிறியது

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி ஆய்வில் நம் ஊரின் பெருமை அது. விண்ணப்பதாரர் பெயரில் சிக்ரி என்று போட்டுத் தேடிய ஒருவர், "அங்கே எதுவும் நடக்கவில்லை" என்று எழுதிக் கொண்டுவந்தார். எனக்கு வருத்தமாகப் போனது. சிக்ரியின் காப்புரிமைகள் தாய் அமைப்பான அறிவியல், தொழிலக ஆய்வு மன்றத்தின் பெயரில், அதாவது சி.எஸ்.ஐ.ஆர். பெயரில், இருக்கும். அந்தப் பெயரையும் கண்டுபிடிப்பாளர் முகவரியில் காரைக்குடியையும் சேர்த்துத் தேட வேண்டும். கலிஃபோர்னியாவின் பெர்க்லியும் இப்படித்தான், "ரீஜென்ட்ஸ்" என்று தொடங்கும் பெயருக்குள் ஒளிந்திருக்கும்.

அதுவும் இல்லையென்றால் பெயர் மாற்றம். பானசோனிக் 2008 வரை மட்சுஷிட்டா. எல்ஜி கெம்மின் பேட்டரிப் பிரிவு 2020 டிசம்பரில் எல்ஜி எனர்ஜி சொல்யூஷன் ஆனது. சி.ஏ.டி.எல். என்ற சுருக்கப் பெயரில் தேடினால் வராது, "கன்டெம்பரரி ஆம்பரெக்ஸ்" என்று போட வேண்டும். ஃபாரடியானின் பழைய ஆவணங்கள் ஃபாரடியான் பெயரிலேயே இருக்கும், ரிலையன்ஸ் என்று தேடினால் சிக்காது.

அமெரிக்கப் பழைய ஆவணங்களில் இன்னொரு கண்ணி. 2012 செப்டம்பர் நடுப்பகுதி வரை அங்கே விண்ணப்பதாரர் என்ற இடத்தில் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்தான் இருக்கும். "தனிநபர்கள் குறைந்து நிறுவனங்கள் பெருகின" என்று உங்கள் வரைபடம் 2012ஐ ஒட்டிக் காட்டினால், மாறியது சட்டம்.

முன்னணிப் பத்து நிறுவனங்களுக்கு, ஒவ்வொன்றின் வெவ்வேறு பெயர்களையும் கையால் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள், ஒரு மாலை போதும். உரிமை கைமாறியதா, இப்போது யாரிடம் இருக்கிறது என்பதை வைத்துப் பணம் போடுவதாக இருந்தால் மட்டும் காப்புரிமை முகவரிடம் போங்கள்.

## அறிகுறி 5: ஒரே வருடத்தில் மலை போல ஏறுகிறது

முதலில் கோப்பில் எத்தனை வரி என்று பாருங்கள். கூகுள் பேட்டன்ட்ஸ் 1000 முடிவுகள் வரைதான் இறக்கித் தரும். சரியாக ஆயிரத்தில் நிற்கிறது என்றால் அது உங்கள் துறையின் அளவைக் காட்டவில்லை, தளத்தின் எல்லையைக் காட்டுகிறது. வருட வாரியாகப் பிரித்து இறக்குங்கள்.

அடுத்து, ஒரே கண்டுபிடிப்பைப் பல முறை எண்ணுகிறீர்களா என்று பாருங்கள். ஆறு நாட்டில் போட்டால் ஆறு ஆவணம். விண்ணப்பமாக ஒருமுறை, வழங்கியபின் ஒருமுறை என்று அதுவே இரட்டிக்கும். குடும்பமாகச் சேர்த்து எண்ணுங்கள். தி லென்ஸில் இதற்குத் தெரிவு இருக்கிறது.

அதற்கடுத்து சீன ஆவணங்களின் எண்ணின் கடைசி எழுத்து. "யு" என்றிருந்தால் அது பயன்பாட்டு மாதிரி: ஆழமான பரிசீலனை இல்லாமல் பதிவாவது, பத்து வருட ஆயுள். அதைக் கழித்துவிட்டு மறுபடி வரையுங்கள். அங்கே விண்ணப்பத்துக்கே மானியம் கொடுத்த காலமும் உண்டு. 2021இல்தான் அதை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது.

இந்தியக் கோட்டுக்கும் இதே எச்சரிக்கை. 2021 செப்டம்பரில் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் அதன் பிறகு விண்ணப்ப எண்ணிக்கையே மதிப்பெண்ணாகிப்போன கல்லூரிகள் கொத்துக் கொத்தாகப் போட்டன. சீக்கிரம் வெளியிடச் சொல்லிப் படிவம் 9 கொடுப்பார்கள், ஆவணம் வெளியாகும், செய்தியும் வரும். பரிசீலனை கேட்கும் படிவம் 18 மட்டும் வராது. அது இல்லாமல் எதுவும் வழங்கப்படாது, காலக்கெடு போனால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் தளத்தில் ஒவ்வொரு விண்ணப்பத்தின் நிலையும் இலவசமாகத் தெரியும். உங்கள் துறையில் 2021க்குப் பின் வந்தவற்றில் 30ஐத் திறந்து, எத்தனை பேர் பரிசீலனை கேட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். அந்த எண்ணையும் வரைபடத்துக்குக் கீழே எழுதுங்கள். மாணவர்களை உழைக்கவைத்து, கைவிடப்படும் விண்ணப்பங்களில் அவர்கள் பெயரைப் போடுவதை நான் நியாயம் என்று நினைக்கவில்லை.

இத்தனையும் கழித்த பிறகும் மலை நிற்கிறதா? அப்படியானால் அது நிஜமான மலை. சந்தோஷமாக எழுதுங்கள்.

## அறிகுறி 6: கட்டுரைகள் ஒன்று சொல்கின்றன, காப்புரிமைகள் வேறு சொல்கின்றன

கட்டுரை ஏறி, காப்புரிமை ஏறாமல் இருந்தால் முதலில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டீர்களா என்று அறிகுறி 3இல் சொன்னபடி பாருங்கள். பிறகு தேதி. கட்டுரையை வெளியிட்டபின் விண்ணப்பம் போட்டால் ஐரோப்பாவில் புதுமை போய்விடும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் விண்ணப்பத்தை முதலில் போடுவார்கள். எனவே முன்னுரிமை வருடம் கட்டுரை வருடத்துக்கு முன்னால் நிற்பது இயல்பு. இரண்டும் சரியென்றால், துறை இன்னும் ஆய்வகத்தில்தான் இருக்கிறது என்று பொருள்.

காப்புரிமை ஏறி, கட்டுரை அடங்கினால் வேலை தொழிற்சாலைக்குப் போய்விட்டது. இரண்டும் அடங்கி, பொருள் மட்டும் கடையில் விற்றால் ரகசியமாக வைத்திருக்கிறார்கள். எந்த மூலப்பொருளை எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் சுட்டு ஹார்டு கார்பன் ஆக்குவது என்பது போன்ற கைப்பக்குவத்தை யாரும் எளிதில் எழுதிவைக்க மாட்டார்கள். இதைத் தேடலால் கண்டுபிடிக்க முடியாது. அந்தத் துறையில் வேலை பார்த்த ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுங்கள்.

## அறிகுறி 7: இரண்டு தளத்தில் இரண்டு எண்

பெரும்பாலும் ஒன்று குடும்பத்தை எண்ணுகிறது, மற்றது ஆவணத்தை. அல்லது ஒன்று முழு உரையில் தேடுகிறது. கூகுள் பேட்டன்ட்ஸ் மேலே காட்டும் மொத்த எண் தோராயமானது, அதை அறிக்கையில் போடாதீர்கள். ஒரு தளத்தைத் தேர்ந்து, தேடிய வரியையும் தேதியையும் எழுதிவிட்டு முடிவு வரை அதிலேயே இருங்கள்.

## அறிகுறி 8: கோடு சரியாக இருக்கிறது, ஆனால் கேள்வி மாறிவிட்டது

"வளர்கிறதா?" என்று தொடங்கியவர் நடுவில் "அப்போ நான் இதைச் செய்து விற்கலாமா?" என்று கேட்பார். அந்த நொடியிலேயே நிறுத்துங்கள். இதுவரை செய்தது எண்ணிப் பார்க்கும் வேலை. ஒரு பொருளைச் செய்தால் யாருடைய உரிமையையாவது மீறுமா என்பது ஒவ்வொரு உரிமைக்கோரலையும் சொல் சொல்லாகப் பிரித்து, அந்தக் காப்புரிமை இந்தியாவில் உயிரோடு இருக்கிறதா, ஆண்டுக் கட்டணம் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது. 50க்கு 40 சரி என்பது இங்கே செல்லாது, தவறவிட்ட ஒன்றே பட்டறையை மூட வைக்கும். பதிவுபெற்ற காப்புரிமை முகவரிடம்தான் போக வேண்டும். யாரிடம் போவது என்று தெரியாதவர்கள் சென்னையில் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தில் முதலில் விசாரிக்கலாம்.

போகும்போது நீங்கள் தேடிய வரி, தேடிய தேதி, பயன்படுத்திய குறியீடு, கட்டாயம் இருக்க வேண்டிய அந்தப் பத்து காப்புரிமைகள், செய்யப்போகும் பொருளின் படம், எந்தெந்த நாட்டில் விற்கப்போகிறீர்கள் என்ற பட்டியல் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். இவை கையில் இருந்தால் முகவர் முதல் சந்திப்பிலேயே உங்கள் பொருளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்.